தகடு ஆடலாம், பதினைந்து டிகிரி வரை

உங்கள் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுத்த காப்பி நன்றாகவே இருந்தது. டம்ளர் விளிம்பில் யாரோ குடித்த தடம் இருந்ததால் பாதியோடு வைத்துவிட்டேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விஸ்வநாத் சார், நீங்கள் சென்னையில் படித்தவர், தமிழ் சரளமாக வாசிப்பேன் என்று பேச்சுவாக்கில் சொன்னீர்கள். அதனால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். ஹைதராபாத்துக்கு வந்து பாதி ஆயுள் கழிந்துவிட்டது, தெலுங்கில் காய்கறிகூட வாங்குவேன், ஆனால் மனதில் இருப்பதை ஒழுங்காக அடுக்கிவைக்க எனக்குத் தமிழ்தான் தோது.

ஷாமீர்பேட்டைக்கு அப்பால் உள்ள கோழிக்கழிவு ஆலையில், எங்கள் கம்பெனி மெஷினில் மாட்டி இறந்துபோன ஃபிட்டர் இருதயராஜ் விஷயமாக என்னைக் கூப்பிட்டீர்கள். குற்றவாளியாக அல்ல, விஷயம் தெரிந்தவனாக. கம்ப்யூட்டரில் இருக்கும் அந்த மெஷினின் மாடலைத் திறந்துகாட்டி, எங்கே கோளாறு என்று விளக்கச் சொன்னீர்கள். விளக்கினேன். கேட்டு முடித்ததும், "அப்ப இது சபீனா பண்ணின மிஸ்டேக்" என்றீர்கள். வரைந்தவர் என்ற இடத்தில் என்கீழ் வேலைபார்க்கும் அவள் பெயர்தான் இருக்கிறது, போலீசுக்கும் அந்தப் பெயர்தான் போகும் என்றீர்கள்.

வீட்டுக்கு வந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சபீனாவுக்காக உருகினேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெண் உங்கள் எதிரில் அழுதபோது மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டதைப் பார்த்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டவன். என்னை உறுத்தியது அந்த மிஸ்டேக் என்ற சொல். அந்த மாடலில் மிஸ்டேக் எதுவும் கிடையாது. என் பார்வைக்கு வந்து, நான் கைவைத்து முடித்த ஒரு வேலையை அப்படிச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜம்புநாதன், சொந்த ஊர் கும்பகோணம் பக்கம், குடியிருப்பது ஹப்சிகுடாவில். மல்லாபூரில் உள்ள கம்பெனியில் டிசைன் பிரிவுக்கு நான்தான் தலை. எங்கள் மெஷின் என்ன செய்கிறது என்பதை நீங்கள் நேரில் பார்த்தீர்கள், மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு. நகரத்தின் கறிக்கடைகளில் மிஞ்சும் குடலும் தலையும் இறகும் ரத்தமும் லாரி லாரியாக வந்து இறங்கும். தொட்டிக்கு அடியில் ஒரு பெரிய ஸ்க்ரூ மெதுவாகச் சுற்றி, அந்தச் சகதியை அவிக்கும் கொப்பரைக்குத் தள்ளும். கடைசியில் அது மீன் தீவனமாகிறது. நான் இதையெல்லாம் ஏசி அறையில் உட்கார்ந்து வரைகிறவன். திரையில் இந்த மெஷின் மிக அழகாக இருக்கும். வெள்ளைப் பின்னணி, சாம்பல் நிற எஃகு, ஒரு சொட்டு ஈரம் கிடையாது. எவனாவது அதற்குள் கோழிக்குடலைக் கொட்டப்போகிறான் என்பதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

இப்போது அந்தத் தகடு. தொட்டியின் வாயில் ஒரு தகடு தொங்குகிறது. மேல் ஓரத்தில் மட்டும் கீல். கீழே எதுவும் பிடித்திருக்காது. யாராவது கையை உள்ளே விட வேண்டுமானால் தகட்டை வெளிப்பக்கம் தூக்க வேண்டும். இருபது டிகிரிக்கு மேல் தூக்கினால் கீலோரத்தில் இருக்கும் சென்சார் ஸ்க்ரூவை நிறுத்திவிடும். அது சுதந்திரமாக ஆடுவதுதான் அதன் வேலை, ஆடுவதில்தான் ஆளின் கை தப்பிக்கிறது. இதைச் சின்னப் பிள்ளைக்கும் சொல்லிவிடலாம்.

ஆனால் இப்படித் தொங்குகிற பாகத்தைக் கம்ப்யூட்டரில் வைப்பது பெரிய தொல்லை. அங்கே பூமி எதையும் இழுப்பதில்லை. கீலில் மாட்டிவிட்டால் தகடு தானாகத் தொங்கி நிற்கும் என்று எதிர்பார்க்கிறோம். அதுவோ கடைசியாக எங்கே இழுத்துவிட்டோமோ அங்கேயே நிற்கும். தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும், தொட்டியின் சுவரைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் நிற்கும், சுட்டியால் வேறெதையோ நகர்த்தும்போது கூடவே ஆடும். இன்னும் கட்டிப்போடப்படாத பாகம் என்று காட்ட, திரையோரத்தில் அதன் பெயருக்கு முன்னால் ஒரு சின்னக் கழித்தல் குறி இருக்கும். அந்தக் குறியைப் பார்த்தால் எனக்கு உடம்பு கூசும். யாரோ சட்டைப் பொத்தானைப் போடாமல் எதிரில் வந்து நிற்கிற உணர்வு. அதனால் எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் ஏற்படுத்தினேன்: இரும்பை வெட்டிச் செய்யும் ஷாப்புக்குப் போகும் எந்த மாடலிலும் அந்தக் குறி ஒன்றுகூட இருக்கக்கூடாது. முதலாளி முரளிக்கு இது பெருமை. வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம், ஜம்பு சார் டிசைனில் ஒரு ஆணிகூட ஆடாது என்பார்.

சபீனா ஆம்பூர்ப் பெண், வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. அவள் அந்தத் தகட்டைக் கட்டிப்போட மறுத்தாள். அதற்கு ஒரு எல்லை மட்டும் கொடுத்தாள்: நேராகத் தொங்குவது ஒரு பக்கம், நாற்பத்தைந்து டிகிரி தூக்குவது மறுபக்கம், இடையில் எங்கே வேண்டுமானாலும் அது ஆடலாம். குறி அப்படியே இருந்தது. நான் கேட்டதற்கு, "சார், இது ஒண்ணு மட்டும் இருந்துட்டுப் போகட்டும். இது ஆடலேன்னா இது எதுக்கு சார்?" என்றாள். அவள் சொன்னது முழுக்கச் சரி. இதை நீங்கள் கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்ளலாம்.

இருதயராஜுக்கு வருகிறேன். லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த குடும்பம். தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்டவர்கள். அவர் பேசுவது தமிழா உருதுவா என்று அவருக்கே தெரியாது. மெஷினைக் கொண்டுபோய் நிறுவுவதும் ஓடவைத்துக் காட்டுவதும் அவர் பொறுப்பு. நல்ல மனிதர் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். அவரிடம் ஒரு கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அவர் டிசைன் அறைக்குள் நுழைவதற்கு முன் அவருடைய வாடை நுழையும். செருப்பில் ஒட்டிய இறகோடு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். சட்டை பாதி உள்ளே, பாதி வெளியே. பேசும்போது கீழுதடு தொங்கும், அதில் எச்சில் ஒரு மணியாக நின்று விழலாமா வேண்டாமா என்று யோசிக்கும். சந்தேகம் கேட்கிறேன் என்று என் திரையில் விரலை வைத்துத் தேய்ப்பார். அவர் போன பிறகு திரையில் கொழுப்பு ரேகை மின்னும். நான் துடைப்பேன். மறுநாள் மறுபடி வருவார். இவ்வளவையும் நான் சகித்துக்கொண்டேன். அருவருப்புக்காக யாரும் யாரையும் எதுவும் செய்துவிடுவதில்லை.

போன கோடையில் வேறொரு ஆலைக்கு நானே போக வேண்டியிருந்தது. மேடைமேல் ஏறித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். வெயிலில் அது கொதித்துக்கொண்டிருந்தது, மேலே ஒரு கோழித்தலை கண்ணைத் திறந்தபடி மெதுவாக உருண்டு அமிழ்ந்தது. அவ்வளவுதான் நினைவிருக்கிறது. கண் இருட்டி முன்னால் சாய்ந்திருக்கிறேன். இருதயராஜ் என் பெல்ட்டைப் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறார். இல்லையென்றால் நான் உள்ளே விழுந்திருப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நினைவு வந்தபோது வாந்தி எடுத்துக் கிடந்தேன், அவர் தன் வெறுங்கையால் என் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கை அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். பிறகு தான் வாய்வைத்துக் குடிக்கும் பாட்டிலை என் உதட்டில் வைத்து அழுத்தினார். நான் குடித்தேன்.

"டென்ஷன் நக்கோ சார், வேணாம். யார்ட்டயும் சொல்ல மாட்டேன். நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்" என்றார்.

சொன்னபடியே யாரிடமும் சொல்லவில்லை. நாக்கு நீளமானவராக இருந்து, ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அவர் அதை எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு சொந்தமாக வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து என் தோளில் கைபோட ஆரம்பித்தார். வணக்கம் சொல்வதற்குப் பதிலாகக் கண்ணடித்தார். அவர் மகள் பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டைத் தன் விரலாலேயே எடுத்து எனக்கு ஊட்டவந்தார். நான் எவ்வளவு சோப்புப் போட்டும் அந்த உள்ளங்கையின் வழவழப்பு என் உதட்டைவிட்டுப் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் முதல் கவளத்தில் அது வரும். என் மனைவி ரசத்தில் ஏதோ குறை என்று நினைத்துத் தினமும் புளியை மாற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கையைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். யோசிப்பது குற்றமில்லை.

இந்த இடத்தில் ஃபிட்டர்களின் ஒரு பழக்கத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கழிவோடு சாக்கும் நைலான் கயிறும் வந்து ஸ்க்ரூவில் சுற்றிக்கொள்ளும். முறைப்படி மெயினை அணைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அணைத்தால் கொப்பரை ஆறிவிடும், மறுபடி சூடேற்ற அரைநாள் போகும், ஆலைக்காரர்கள் கத்துவார்கள். அதனால் எங்கள் ஆட்கள் யாரும் மெயினைத் தொடுவதில்லை. இடது முழங்கையால் தகட்டைத் தூக்குவார்கள், ஸ்க்ரூ நிற்கும், வலது கையை உள்ளே விட்டுச் சாக்கை உருவுவார்கள். இருதயராஜ் இதை எனக்கே செய்துகாட்டியிருக்கிறார். "ஹவ், ஆமா சார், உங்க தகடு என் கையைப் பாத்தாலே மெஷினை நிப்பாட்டுது" என்று சந்தோஷப்பட்டார். அவர் எங்கும் அதை ஜம்பு சார் தகடு என்றே சொல்வார்.

அந்தச் சமயம் முரளி ஒரு குறை சொன்னார். பிதுங்கி வரும் கழிவு தகட்டை முட்டித் தூக்கிவிடுவதால் மெஷின் அடிக்கடி நின்றுபோகிறது, ஏதாவது செய்யுங்கள் என்றார். சபீனா ஒரு வழி சொன்னாள். கழிவு தகட்டில் முட்டாமல் உள்பக்கம் ஒரு தடுப்பு வைத்தால் போதும் என்றாள். நல்ல யோசனை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் தம்பி நிக்காஹுக்கு ஆம்பூர் போனதும், ஷாமீர்பேட்டை ஆலைக்குப் போகவிருந்த புது மெஷினின் மாடலைத் திறந்தேன்.

நாற்பத்தைந்து என்று அவள் கொடுத்திருந்த எல்லையைப் பதினைந்தாக்கினேன். திரையில் எல்லை வைத்தால் இரும்புக்குத் தெரியாது. இரும்பை நிறுத்த இரும்புதான் வேண்டும். அதனால் கீலுக்குப் பின்னால், வெளியே நிற்பவர் கண்ணில் படாத இடத்தில், இரண்டு சின்னக் கட்டைகளை வரைந்தேன். ஷாப்பில் அதை எஃகில் வெட்டி வெல்டிங் செய்தார்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, என் டிசைனில் யாரும் எதையும் கேட்பதில்லை. சென்சாரை இருபதிலேயே விட்டேன். இப்போது தகடு ஆடும். தூக்கினால் உயரும். ஸ்க்ரூ மட்டும் நிற்காது. பதினைந்து டிகிரியில் கீழே எவ்வளவு இடைவெளி வரும் என்று மாடலில் அளந்து பார்த்தேன். ஒரு கை தோள் வரை தாராளமாகப் போகும்.

கையெழுத்து விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சரிபார்க்கிறவன் செய்யும் சின்னத் திருத்தங்களுக்காக வரைந்தவர் பெயரை நாங்கள் மாற்றுவதில்லை. அதனால்தான் சபீனா பெயர் அப்படியே நின்றது. அவள் ஊரிலிருந்து வந்து, பிரியாணியும் கொண்டுவந்து, மாடலைத் திறந்ததும் கண்டுபிடித்துவிட்டாள்.

"சார், பதினஞ்சு ஆயிருக்கே. சென்சார் இருபதுலதானே சார் கட் ஆகும்?"

சென்சாரையும் பத்துக்கு மாற்றச் சொல்லி ஷாப்பில் கொடுத்துவிட்டேன், மாடலில் ஏற்றத்தான் மறந்துவிட்டது என்றேன். அவள் நம்பினாள். உங்களிடம் இதை அவள் சொல்லவில்லை, இல்லையா? நேரில் போய்ப் பார்க்காதது தன் குற்றம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நேர்மையான பெண்தான். எனக்கு அவள் மேல் வருத்தம் ஒன்றும் இல்லை.

ஆக இது மிஸ்டேக் அல்ல. ஒரு கேள்வி வந்தது, அதற்கு ஒரு பொய் சொல்லப்பட்டது. மிஸ்டேக்குக்குப் பொய் தேவைப்படாது.

மெஷினை ஓட்டிக்காட்டும் நாள் ஆலைக்கு நானும் போனேன். போக வேண்டிய அவசியமில்லை. முரளிக்கு ஆச்சரியம், அந்த இடத்துக்கெல்லாம் நீங்கள் வரமாட்டீர்களே என்றார். நான் புது ஷூவுக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு மேடையில் நின்றேன். மதியத்துக்கு மேல் ஸ்க்ரூ திணற ஆரம்பித்தது, வழக்கம்போல் ஒரு சாக்கு. இருதயராஜ் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தார். முழங்கையால் தகட்டைத் தூக்கினார், அது பாதியில் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், கொஞ்சம் டைட்டா இருக்கே?"

"புதுக் கீல். போகப் போகச் சரியாகிவிடும்" என்றேன்.

அவர் தலையாட்டினார். பக்கத்தில் பெரிய காற்றாடி இரைந்துகொண்டிருந்தது, ஸ்க்ரூ நின்றதா இல்லையா என்பது காதுக்குத் தெரியாது. சாக்கு இறுக்கியிருந்ததால் கண்ணுக்கும் நின்றது போலத்தான் இருந்தது. நான் சொன்னதை வைத்துக்கொண்டு அவர் கையை உள்ளே விட்டார். சாக்கை உருவினார். உருவியதும் ஸ்க்ரூவுக்கு வழி கிடைத்துவிட்டது.

உயிர் போகும் என்று நான் நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். அந்தக் கை மட்டும்தான் என் மனதில் இருந்தது. கை போனால் அவருக்கு ஆபீசில் உட்கார்ந்து செய்யும் வேலை ஏதாவது கொடுக்க வேண்டும், ஸ்டோரில் போடலாம் என்று முரளியிடம் சொல்ல வார்த்தைகூட யோசித்து வைத்திருந்தேன். ஸ்டோர் எங்கள் அறையிலிருந்து வெகுதூரம்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் மனைவி ஜெஸ்ஸி என்னைத் தேடி வந்தார். மெஷினை நிறுத்தும் பட்டனை நான்தான் அழுத்தினேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்களப் பத்தி வீட்ல எப்பவும் பேசுவார் சார். நீங்க பக்கத்துல இருந்ததே எனக்குப் போதும்" என்றார். அந்தக் கைகள் முழுக்கக் கண்ணீரும் மூக்குச்சளியும். நான் இழுத்துக்கொள்ளவில்லை. அவர் போகும்வரை அப்படியே நின்றேன். இதை ஒரு பெரிய காரியமாகச் சொல்லவில்லை, ஆனால் என்னால் முடிந்த மரியாதை அதுதான்.

பட்டனை அழுத்தியது நான்தான். உங்கள் குறிப்பிலும் அது இருக்கிறது, எனக்குச் சாதகமாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு இடத்தை மட்டும் சரிசெய்ய வேண்டும், மற்றதெல்லாம் நான் மேலே சொன்னதுதான். ஸ்க்ரூ இழுக்க ஆரம்பித்தபோது அவர் கை முழங்கைவரைதான் போயிருந்தது. அவர் கத்தவில்லை. மேடையில் வேறு யாரும் இல்லை, மற்றவர்கள் கீழே கொப்பரைப் பக்கம் இருந்தார்கள். அவர் என்னைப் பார்த்து, "சார், பட்டன்" என்றார். யாரிடமாவது தண்ணீர் கேட்பது போலக் கேட்டார். என்மேல் அவருக்குச் சந்தேகமே இல்லை. சிவப்புப் பட்டன் என் இடுப்புயரத்தில், கைநீட்டினால் தொடும் தூரத்தில்தான் இருந்தது. அப்போது எனக்கு அவர்மேல் எந்தக் கோபமும் இல்லை. கைக்கான காரியம் முடிந்துவிட்டது, இனி அவர் பிழைக்க வேண்டும் என்றே மனதார நினைத்தேன். கையும் நீட்டிவிட்டேன்.

காலையில் அவர்தான் அந்தப் பட்டனை அழுத்திச் சோதித்திருக்கிறார். அதன்மேல் அவருடைய பெருவிரல் அளவுக்குக் கோழிக்கொழுப்பு மஞ்சளாக அப்பிக்கிடந்தது, அதில் ஒரு சின்ன இறகு வேறு. நான் பேண்ட் பையில் கைக்குட்டையைத் தேடினேன். இஸ்திரி போட்டு மடித்தது, உடனே பிரியவில்லை. இரண்டு மடிப்பையும் பிரித்துப் பட்டன்மேல் போர்த்தி அழுத்தினேன். மெஷின் உடனே நின்றது. அதற்குள் அவர் முகம் தகட்டில் ஒட்டியிருந்தது.

நான் தாமதிக்கவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் சுத்தமாக இருக்கும் எவனும் அதைத்தான் செய்திருப்பான். கைக்குட்டையை அங்கேயே தொட்டியில் போட்டுவிட்டேன். திரும்ப எடுத்துவரும் நிலையில் அது இல்லை.